ஒரு மில்லிமீட்டர் ஏவுகணை

1962 அக்டோபர் 14, ஞாயிற்றுக்கிழமை காலை. அமெரிக்க விமானப்படை மேஜர் ரிச்சர்ட் ஹெய்சர் ஓட்டிவந்த யு-2 வேவு விமானம் கியூபாவின் மேற்குப் பகுதியைத் தெற்கிலிருந்து வடக்காகக் கடந்தது. உயரம் சுமார் 70,000 அடி. பயணிகள் விமானம் பறப்பதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. தீவின் மேல் அவர் இருந்தது சில நிமிடங்கள்தான். அதற்குள் 928 படங்கள் எடுத்தாகிவிட்டது. மறுநாள் அந்தப் படச்சுருள் வாஷிங்டனில் ஒரு பழைய கட்டடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. கீழே கார் விற்பனைக் கடை, மேலே சில மாடிகளில் சிஐஏ நடத்திய தேசியப் புகைப்பட ஆய்வு மையம். அக்கம்பக்கத்தில் யாரும் திரும்பிப் பார்க்காத கட்டடம். அதுவே அதன் பாதுகாப்பு.

அடியில் விளக்கெரியும் கண்ணாடி மேசையில் படச்சுருளை விரித்து, உருப்பெருக்கியில் கண்ணை வைத்து, அங்குலம் அங்குலமாக நகர்த்திப் பார்ப்பதுதான் அங்கே வேலை. சான் கிறிஸ்டோபால் என்ற ஊருக்குப் பக்கத்தில், மரங்களை ஒட்டிய வெளியில், தார்ப்பாய் போர்த்திய நீளமான பொருட்கள் சில தெரிந்தன. சுற்றிலும் கூடாரங்கள், லாரிகள், புதிதாகப் போட்ட மண்பாதைகள்.

"தெரிந்தன" என்று சொல்வதற்கு ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். தரையில் உள்ள பொருள் படச்சுருளில் எவ்வளவு பெரிதாக விழும் என்பதை அறிய, லென்ஸின் குவியத்தூரத்தை விமானத்தின் உயரத்தால் வகுக்க வேண்டும். அந்தக் கேமராவின் குவியத்தூரம் 36 அங்குலம், அதாவது 3 அடி. 3-ஐ 70,000-ஆல் வகுத்தால் சுமார் 23,000-இல் ஒரு பங்கு. தார்ப்பாய்க்கு அடியில் இருந்த பொருளின் நீளம் 67 அடி என்று ஆய்வாளர்கள் அளந்தார்கள். படச்சுருளில் அதன் நீளம் 0.9 மில்லிமீட்டர். உலகத்தை அணுப்போரின் விளிம்புக்குக் கொண்டுபோன சாட்சியம் ஒரு கடுகின் அளவைத் தாண்டவில்லை.

அதைக் கடுகளவில் அளந்ததோடு வேலை முடியவில்லை. 67 அடி நீளத்தில் சோவியத் ராணுவத்திடம் என்னென்ன இருக்கிறது? மாஸ்கோ செஞ்சதுக்க அணிவகுப்புகளில் ஏவுகணைகளை ஊர்வலமாக இழுத்து வரும்போது எடுத்த படங்கள் கையில் இருந்தன. சோவியத் ராணுவ உளவுத்துறைக் கர்னல் ஓலெக் பெங்கோவ்ஸ்கி ரகசியமாகக் கொடுத்த ஆவணங்களும் இருந்தன. மூக்குப்பகுதியைக் கழற்றிவிட்டு டிரெய்லரில் படுக்கவைத்தால் எஸ்எஸ்-4 ஏவுகணை அந்த நீளத்துக்குப் பொருந்தியது. ஏறக்குறைய 2,000 கிலோமீட்டர் பாயக்கூடியது. வாஷிங்டன் அதன் எல்லைக்குள் வரும். அக்டோபர் 16 காலை ஜனாதிபதி கென்னடியிடம் படங்களைக் காட்டியபோது, இது இந்த வகை ஏவுகணைதான் என்று எப்படித் தெரியும் என்று அவர் கேட்டார். நீளத்தை வைத்து என்பதுதான் பதில். அவருடைய தம்பி ராபர்ட் கென்னடி, தன் கண்ணுக்கு ஏதோ பண்ணை போடவோ வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டவோ நிலத்தைச் சீர்செய்தது போலத்தான் தெரிந்தது என்று பின்னாளில் எழுதினார். அவர் நேர்மையாகச் சொன்னார். அந்த அறையில் இருந்த மற்ற அமைச்சர்களுக்கும் வேறெதுவும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆய்வாளர் சொல்வதை நம்பித்தான் முடிவெடுத்தார்கள்.

வானிலிருந்து வேவு பார்ப்பது என்றாலே நாம் கேமராவின் பெருமையைத்தான் பேசுகிறோம். எத்தனை சென்டிமீட்டர் தெரியும், எத்தனை கிலோமீட்டர் உயரம் என்று. இந்தத் துறையின் வரலாற்றைப் புரட்டினால், வெற்றியோ தோல்வியோ பெரும்பாலும் கேமராவில் நடக்கவில்லை. படத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தவர் முன்பு எதைப் பார்த்திருந்தார், இப்போது எதைத் தேடினார் என்பதில்தான் நடந்தது.

கியூபாவில் ஆய்வாளர்களுக்குக் கைகொடுத்தது சோவியத் ராணுவத்தின் பழக்கதோஷம். விமான எதிர்ப்பு ஏவுகணைகளைச் சொந்த நாட்டில் எப்படி ஆறுமுனை நட்சத்திர வடிவில் நிறுத்துவார்களோ, அதே வடிவில் கியூபாவிலும் நிறுத்தினார்கள். கப்பல் தளத்தில் வந்த மரப்பெட்டிகளின் நீள அகலத்தைப் பார்த்தே உள்ளே இருப்பது ஐஎல்-28 குண்டுவீச்சு விமானம் என்று சொல்லும் அளவுக்கு அமெரிக்க ஆய்வாளர்கள் தேறியிருந்தார்கள். முன்கூட்டியே தீவைப் பார்த்துவந்த மார்ஷல் பிரியூசோவ், பனைமரங்களுக்கு நடுவே ஏவுகணைகளை மறைத்துவிடலாம் என்று குருஷ்சேவிடம் சொல்லியிருந்தார். 20 மீட்டர் நீள ஏவுகணையும் அதன் டிரெய்லரும் எரிபொருள் லாரிகளும் சிமென்ட் மேடையும் எந்தப் பனந்தோப்பில் மறையும் என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை போலிருக்கிறது.

இவ்வளவு துல்லியமாகப் பார்த்தவர்கள் தவறவிட்டதும் உண்டு. அணுகுண்டு முனைகள் எங்கே இருக்கின்றன என்பதை அந்த நெருக்கடி முழுவதும் அவர்களால் உறுதிசெய்ய முடியவில்லை. தீவில் 40,000-க்கும் மேற்பட்ட சோவியத் வீரர்கள் இருந்தார்கள். அமெரிக்கக் கணிப்பு அதில் பாதிகூட இல்லை. வீரர்களைச் சாதாரண உடையில் கப்பலின் அடித்தளத்தில் ஏற்றி வந்திருந்தார்கள். மனிதன் தலைக்கு மேல் கூரை இருந்தால் கேமராவுக்கு அவன் இல்லாதவன்.

பார்க்கும் இந்தக் கலையை அமெரிக்கர்கள் கற்றது பெரும்பாலும் பிரிட்டிஷாரிடம். இரண்டாம் உலகப்போரில் லண்டனுக்கு மேற்கே, தேம்ஸ் கரையில் மெட்மெனம் என்ற இடத்து மாளிகை ஒன்றில் பிரிட்டிஷ் விமானப்படையின் ஆய்வு மையம் இயங்கியது. அங்கே முக்கியக் கருவி கையடக்கமான ஸ்டீரியோஸ்கோப்: நான்கு கால்களில் நிற்கும் இரண்டு லென்ஸ்கள், அவ்வளவுதான். விமானம் நேராகப் பறந்துகொண்டே படமெடுக்கும்போது, ஒரு படத்தின் 60 சதவீதப் பரப்பு அடுத்த படத்திலும் விழும்படி கேமராவை முடுக்குவார்கள். அடுத்தடுத்த இரண்டு படங்களைப் பக்கத்தில் வைத்து, இடது கண்ணால் ஒன்றையும் வலது கண்ணால் மற்றொன்றையும் பார்த்தால் கட்டடங்கள் தாளைவிட்டு எழுந்து நிற்கும். நம் இரு கண்களுக்கு நடுவே இருப்பது ஆறரை சென்டிமீட்டர். அந்த இரு படங்களுக்கு நடுவே விமானம் நூற்றுக்கணக்கான மீட்டர் நகர்ந்திருக்கும். ஆகவே உயரம் இயல்பைவிடப் பன்மடங்கு மிகைப்பட்டுத் தெரியும். திண்ணை உயரத்து மேடுகூட மதில்போல நிற்கும். தட்டையான படத்தில் வெறும் கோடாகக் கிடப்பது சுவரா, வாய்க்காலா என்பது இப்படித்தான் பிரியும்.

1943 கடைசியில் மெட்மெனத்தின் பெண் அதிகாரி கான்ஸ்டன்ஸ் பாபிங்டன் ஸ்மித்துக்கு வந்த வேலை, பால்டிக் கடற்கரையில் ஜெர்மானியர்கள் ரகசிய ஆயுதங்கள் சோதித்த பீனமுண்டேயின் படங்களில் வழக்கத்துக்கு மாறாகச் சின்னதாக ஏதாவது விமானம் இருக்கிறதா என்று தேடுவது. நவம்பர் 28 அன்று எடுத்த படத்தில், கடலைப் பார்த்துச் சாய்ந்த ஒரு தடத்தின் மேல் சிலுவை வடிவில் ஒரு புள்ளியைக் கண்டார். அது வி-1 பறக்கும் குண்டு. அதற்குள் வட பிரான்சில் பனிச்சறுக்குக் கட்டையைப் பக்கவாட்டில் கிடத்தியது போன்ற விசித்திரக் கட்டடங்கள் ஊருக்கு ஊர் முளைத்திருந்தன. கூடவே லண்டனைக் குறிபார்த்த தடங்களுக்கான அடித்தளம். பீனமுண்டேயின் தடமும் பிரான்சின் தடமும் ஒன்றே என்று தெரிந்ததும் குண்டுவீச்சு தொடங்கியது. முதல் வி-1 லண்டனில் விழுந்தது 1944 ஜூன் 13-இல்தான்.

தேடச் சொன்னார்கள், தேடினார், கிடைத்தது. தேடச் சொல்லாததற்கு என்ன நடந்தது? 1944 ஏப்ரல் 4 அன்று, இத்தாலியிலிருந்து கிளம்பிய தென்னாப்பிரிக்க விமானப்படையின் மொஸ்கிட்டோ விமானம் ஒன்று போலந்தில் மோனோவிட்ஸ் என்ற இடத்திலிருந்த செயற்கை ரப்பர் தொழிற்சாலையைப் படமெடுக்கப் போனது. இலக்கைத் தாண்டியும் கேமரா ஓடிக்கொண்டிருந்ததால் சில கிலோமீட்டர் தள்ளியிருந்த, நாஜிகளின் ஆஷ்விட்ஸ் மரண முகாமும் பதிவானது. அந்தக் கோடையில் மேலும் பலமுறை பதிவானது. ஆகஸ்ட் 25-ஆம் தேதிப் படத்தில் ரயில் தண்டவாளத்தின் அருகே மனிதர்கள் வரிசையாக நிற்பதும், விஷவாயு அறைகளின் கூரையும் இருக்கின்றன. ஆய்வாளர்கள் தொழிற்சாலையின் புகைபோக்கிகளையும் எண்ணெய்த் தொட்டிகளையும் கச்சிதமாக எண்ணி அறிக்கை எழுதினார்கள். பக்கத்தில் இருந்ததை யாரும் கேட்கவில்லை, அவர்களும் பார்க்கவில்லை. படச்சுருள் அலமாரிக்குப் போனது. 1970-களின் கடைசியில் டினோ புருஜியோனி, ராபர்ட் பொய்ரியர் என்ற இரு சிஐஏ ஆய்வாளர்கள் அதைத் தேடியெடுத்து, நவீன உருப்பெருக்கிகளில் வைத்து, ஒவ்வொரு கட்டடத்துக்கும் பெயரிட்டு 1979-இல் வெளியிட்டார்கள். இந்தப் புருஜியோனி, கியூபா நெருக்கடியின்போது கார் கடைக்கு மேலே இருந்த அந்த மையத்தில் வேலை செய்தவர். 35 ஆண்டுகளில் படம் மாறவில்லை. பார்த்தவரின் மனதில் இருந்த கேள்வி மாறியிருந்தது.

விமானத்திலிருந்து செயற்கைக்கோளுக்குத் தாவியது ஒரு விபத்தின் வேகத்தில். 1960 மே 1-ஆம் தேதி கேரி பவர்ஸ் ஓட்டிய யு-2 விமானத்தை சோவியத் ராணுவம் சுட்டு வீழ்த்தியது. மூன்றரை மாதம் கழித்து, ஆகஸ்டில், கொரோனா என்ற ரகசியப் பெயரிலான செயற்கைக்கோள் முதன்முறையாகப் படங்களோடு திரும்பியது. அதற்கு முன் பத்துக்கும் மேற்பட்ட முயற்சிகள் ஏதாவது ஒரு காரணத்தால் பாழாகியிருந்தன. அந்தக் காலத்தில் படத்தை ரேடியோ வழியே அனுப்பும் தரம் இல்லை. எடுத்த படச்சுருளை ஒரு குடுவையில் சுருட்டி, விண்வெளியிலிருந்து கீழே போட்டுவிடுவார்கள். பாராசூட்டில் இறங்கும் குடுவையை ஹவாய் அருகே கடலுக்கு மேல், சரக்கு விமானம் ஒன்று கொக்கி தொங்கவிட்டு அந்தரத்திலேயே பிடிக்கும். முதல் முறை மூன்றாவது வளைப்பில் மாட்டியது. அந்த ஒரே சுருளில், அதுவரை யு-2 விமானங்கள் நான்காண்டுகளாக எடுத்ததைவிட அதிகமான சோவியத் நிலப்பரப்பு இருந்தது. அமெரிக்க அரிசோனா பாலைவனத்தில் காசா கிராண்டே என்ற ஊரைச் சுற்றி, இந்தக் கேமராக்களைச் சரிபார்க்க அன்று பதித்த 60 அடி சிமென்ட் சிலுவைகள் பல இன்னும் கிடக்கின்றன. வழிப்போக்கர்கள் பார்த்துக் குழம்பிப்போகிறார்கள்.

கொரோனா அமெரிக்கத் தேர்தல் மேடைகளில் முழங்கிய ஒரு பயத்தைத் தீர்த்துவைத்தது. சோவியத் யூனியனிடம் கண்டம்விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணைகள் நூற்றுக்கணக்கில் குவிகின்றன, நாம் பின்தங்கிவிட்டோம் என்பது 1960-இன் பெரிய அரசியல். 1961 செப்டம்பரில் படங்களைப் பார்த்து மதிப்பிட்டபோது, ஏவுதளங்கள் 10-இலிருந்து 25-க்குள்தான் என்று கணக்கு இறங்கியது. அப்போது உண்மையில் இருந்தவை நான்கு. வேவு பார்ப்பது போரைத் தூண்டும் என்பார்கள். அந்த ஆண்டு அது ஓர் ஆயுதப் பதற்றத்தைத் தணித்தது என்றே எனக்குப் படுகிறது.

இன்று செயற்கைக்கோள் எவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கும்? கையில் இருக்கும் செய்தித்தாளையே படித்துவிடும் என்று நம் ஊர் டீக்கடையிலிருந்து சினிமா வரை சொல்வார்கள். இயற்பியல் ஒத்துக்கொள்ளாது. ஒளி அலை என்பதால், எவ்வளவு சீராகத் தேய்த்த கண்ணாடியாக இருந்தாலும் ஓர் எல்லைக்கு மேல் இரண்டு புள்ளிகளைப் பிரித்துக் காட்டாது. அந்த எல்லையைத் தீர்மானிப்பது கண்ணாடியின் விட்டமும் தூரமும்தான். ஹபிள் விண்வெளித் தொலைநோக்கியின் கண்ணாடி 2.4 மீட்டர். அமெரிக்க உளவு செயற்கைக்கோள்களின் கண்ணாடியும் அதே அளவாக இருக்கும் என்பது வெளியாட்களின் நெடுநாள் ஊகம். 2012-இல் அமெரிக்க உளவு அமைப்பு, தனக்குத் தேவைப்படாத இரண்டு 2.4 மீட்டர் தொலைநோக்கிகளை நாசாவுக்குச் சும்மா தூக்கிக் கொடுத்தபோது ஊகம் வலுத்தது. 2.4 மீட்டர் கண்ணாடி, 250 கிலோமீட்டர் உயரம் என்று வைத்துக் கணக்கிட்டால் கிடைப்பது சுமார் 6 சென்டிமீட்டர். காற்றின் அலைச்சல் அதையும் கெடுக்கும். 2019 ஆகஸ்டில் ஈரானின் செம்னான் ஏவுதளத்தில் ராக்கெட் வெடித்த இடத்தின் ரகசியப் படத்தை அப்போதைய ஜனாதிபதி டிரம்ப் ட்விட்டரில் போட்டுவிட்டார். பொழுதுபோக்காக செயற்கைக்கோள்களைக் கண்காணிப்பவர்கள், நிழல்கள் விழுந்த திசையையும் படத்தின் கோணத்தையும் வைத்து, எடுத்தது யுஎஸ்ஏ-224 என்ற செயற்கைக்கோள் என்று சில நாட்களுக்குள் சொல்லிவிட்டார்கள். பிரிதிறன் 10 சென்டிமீட்டர் அளவில் என்றும் மதிப்பிட்டார்கள். ஒரு லாரி எந்த மாடல் என்று அதில் தெரியும். ஓட்டுநரின் முகம் தெரியாது.

அந்தப் பொழுதுபோக்காளர்களால் கண்டுபிடிக்க முடிந்ததற்குக் காரணமே செயற்கைக்கோளின் பெரிய பலவீனம். ராக்கெட் ஒருமுறை தூக்கிவிட்ட பாதையில்தான் அது சுற்றும். பெரும்பாலான படமெடுக்கும் செயற்கைக்கோள்கள் துருவங்களை ஒட்டிச் சுற்றி, ஓர் ஊரின் மேல் ஏறக்குறைய ஒரே உள்ளூர் நேரத்தில் வரும்படி அமைக்கப்பட்டவை. அதில் நன்மை உண்டு. நிழல் ஒரே மாதிரி விழுவதால் நேற்றைய படத்தையும் இன்றைய படத்தையும் ஒப்பிடலாம். நிழலின் நீளத்தையும் சூரியனின் கோணத்தையும் வைத்துக் கட்டடத்தின் உயரத்தைக் கணக்கிடலாம். கீழே இருப்பவருக்கும் அதே நன்மை. எதிர்வீட்டு ஜன்னல் எப்போது திறக்கும் என்று தெரிந்துவிட்டால் மற்ற நேரமெல்லாம் முற்றம் நம்முடையது.

பொக்ரானில் நடந்தது அதுதான். 1995 டிசம்பரில் நரசிம்ம ராவ் அரசு அணுகுண்டுச் சோதனைக்குத் தயாரானபோது, ராஜஸ்தான் பாலைவனத்தில் நடந்த வேலைகளை அமெரிக்க செயற்கைக்கோள்கள் கண்டுகொண்டன. அமெரிக்கத் தூதர் பிராங்க் விஸ்னர் படங்களோடு டெல்லி அதிகாரிகளைச் சந்தித்தார். சோதனை நின்றது. ஆனால் அந்தச் சந்திப்பு, எதைப் பார்த்துக் கண்டுபிடித்தார்கள் என்பதையும் டெல்லிக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டது. உளவுத்துறைகள் படத்தைக் காட்டத் தயங்குவதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை.

1998-இல் பொக்ரானில் 58-ஆவது பொறியாளர் ரெஜிமென்ட், கர்னல் கோபால் கௌஷிக் தலைமையில், பாடத்தைச் சரியாகப் படித்திருந்தது. கனரக வேலைகள் இரவில். விடிவதற்குள் ஒவ்வொரு புல்டோசரும் லாரியும் முந்தைய நாள் நின்ற அதே இடத்துக்குத் திரும்பிவிட வேண்டும். மேலிருந்து பார்ப்பவருக்கு வண்டிகள் அசையவே இல்லை என்று தோன்றும். தோண்டிய மணலைக் கண்டபடி கொட்டாமல், அந்தப் பருவத்துக் காற்று வீசும் திசையில் இயற்கையாகக் குவிந்த மேடுபோல ஒழுங்குபடுத்தினார்கள். கேபிள்களை மணலில் புதைத்து மேலே செடிகொடி போர்த்தினார்கள். விஞ்ஞானிகள் ராணுவச் சீருடையில், சின்னச் சின்னக் குழுக்களாக, மாற்றுப் பெயர்களில் வந்துபோனார்கள். ராமேசுவரத்து அப்துல் கலாம் மேஜர் ஜெனரல் பிருத்விராஜ் ஆனார். சென்னைக்காரரான அணுசக்தித் தலைவர் ஆர். சிதம்பரம் மேஜர் ஜெனரல் நடராஜ். மே 11-ஆம் தேதி மூன்று வெடிப்புகள் நடந்து, பிரதமர் வாஜ்பாய் அறிவித்த பிறகுதான் வாஷிங்டனுக்குத் தெரிந்தது.

மறைத்தவர்களின் சாமர்த்தியத்தை நாம் கொண்டாடுவது சரிதான். அமெரிக்காவில் ஓய்வுபெற்ற அட்மிரல் டேவிட் ஜெரமையா நடத்திய விசாரணை இன்னொரு காரணத்தையும் சுட்டியது: இந்தியா இப்போது சோதிக்காது என்று ஆய்வாளர்கள் ஏற்கெனவே முடிவுகட்டியிருந்தார்கள். தேர்தல் அறிக்கையில் அணு ஆயுதம் பற்றி வெளிப்படையாக எழுதிய கட்சி ஆட்சிக்கு வந்திருந்தது. அதைப் படிக்க செயற்கைக்கோள் தேவைப்படவில்லை.

இரவிலும் மேகத்திலும் மறைவதற்கு எதிராக வந்ததுதான் ரேடார் செயற்கைக்கோள். இது தானே நுண்ணலைகளை அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியைப் பதிவுசெய்யும். சூரியன் தேவையில்லை, மேகம் தடையில்லை. நுண்ணலையின் அலைநீளம் ஒளியைவிடப் பல்லாயிரம் மடங்கு அதிகம் என்பதால் நுணுக்கமாகப் பார்க்கக் கிலோமீட்டர் கணக்கில் ஆன்டெனா வேண்டியிருக்கும். அதைக் கணக்கால் சமாளித்தார்கள். விநாடிக்கு ஏழரை கிலோமீட்டர் ஓடும் செயற்கைக்கோள், ஓடிக்கொண்டே ஒரே இடத்தின் எதிரொலிகளைத் தொடர்ந்து சேகரித்தால், ஓடிய தூரம் முழுவதும் ஒரே ஆன்டெனா நின்றதுபோல் அவற்றைச் சேர்த்துவிடலாம். இரும்பும் கட்டட மூலைகளும் பளிச்சென்று மின்னும், அமைதியான நீர்ப்பரப்பு கருப்பாகக் கிடக்கும். பழகாத கண்ணுக்கு அது படமாகவே தெரியாது. பருவமழை நாட்டுக்கு இதன் அருமை புரியும். 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு, 2009 ஏப்ரலில் இஸ்ரேலிய ரேடார் பொருத்திய ரிசாட்-2 செயற்கைக்கோளை இந்தியா அவசரமாக ஏவியது. சொந்த ரேடாரோடு ரிசாட்-1 2012-இல் போனது. கார்கில் போர் நடந்த 1999-இல் நம்மிடம் இருந்த மிகச் சிறந்த பிரிதிறன் 5.8 மீட்டர், மலைச்சரிவில் ஒரு பதுங்குகுழி அதில் ஒரு புள்ளிகூட ஆகாது. 2019-இல் ஏவிய கார்ட்டோசாட்-3 சுமார் 25 சென்டிமீட்டர் வரை பார்க்கிறது.

பச்சை வலை போட்டு மறைப்பதற்கு மாற்று இன்னும் பழையது. உயிருள்ள இலை, கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியைப் பலமாகத் திருப்பி அனுப்பும். அதே பச்சையில் சாயம் பூசிய துணி அப்படி அனுப்பாது. இரண்டாம் உலகப்போரிலேயே கோடாக் நிறுவனம் அந்த ஒளியைப் பதிவுசெய்யும் படச்சுருள் செய்தது. அதில் உண்மையான மரம் சிவப்பாக விழும், சாயத்துணி நீலம் பாய்ந்து காட்டிக்கொடுக்கும். வெட்டி வந்து பீரங்கி மேல் போட்ட கிளைகூட வாட வாட நிறம் மாறிவிடும்.

இத்தனை கருவிகளும் ஒரே தரப்பிடம் இருந்தும் தவறாகிப்போன கதைதான் ஈராக். 2003 பிப்ரவரி 5 அன்று ஐ.நா. பாதுகாப்பு அவையில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பவல் செயற்கைக்கோள் படங்களைத் திரையில் காட்டினார். தாஜி என்ற இடத்தில் ஆயுதக் கிடங்கு, பக்கத்தில் ஒரு லாரி. ரசாயன ஆயுதம் சிந்தினால் கழுவிவிடும் வண்டி அது, ஆகவே உள்ளே ரசாயன ஆயுதம் இருக்கிறது என்பது வாதம். ஐ.நா. ஆயுத ஆய்வாளர் ஹான்ஸ் பிளிக்ஸ் அப்போதே, அந்த நடமாட்டம் வழக்கமான வேலையாகவும் இருக்கலாம் என்றார். போருக்குப் பிறகு சல்லடை போட்டுத் தேடியும் ஆயுதக் குவியல் கிடைக்கவில்லை. அந்த மாதிரி டேங்கர் லாரிகள் தீயணைக்கவும் தண்ணீர் கொண்டுபோகவும்கூட ஓடுபவை. 2005-இல் வெளிவந்த அமெரிக்க விசாரணைக் குழுவின் அறிக்கையில் அதைவிடச் சுவையான ஒரு தகவல் உண்டு. சந்தேக இடங்களில் நடமாட்டம் திடீரென்று கூடிவிட்டது என்று 2002-இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். உண்மையில் கூடியது நடமாட்டம் இல்லை. அந்த இடங்களைப் படமெடுக்கும் எண்ணிக்கையை அமெரிக்காவே கூட்டியிருந்தது. அடிக்கடி பார்த்தால் அடிக்கடி லாரி தெரியும். படமெடுக்கும் அட்டவணை மாறியது ஆய்வாளர்களுக்குத் தெரியவில்லை.

1999-இல் இகோனோஸ் என்ற தனியார் செயற்கைக்கோள் ஒரு மீட்டர் பிரிதிறனோடு மேலே போன பிறகு, இந்தப் பார்வை அரசாங்கங்களின் தனிச்சொத்தாக இல்லை. 2021-இல் அமெரிக்க மிடில்பரி ஆய்வு நிறுவனத்தின் ஆய்வாளர் டெக்கர் எவலெத், விலைக்குக் கிடைக்கும் பிளானட் நிறுவனப் படங்களில் சீனாவின் யூமென் பாலைவனத்தை மேய்ந்துகொண்டிருந்தபோது, ஏறக்குறைய மூன்று கிலோமீட்டருக்கு ஒன்றாகச் சீராக நின்ற வெள்ளைக் கூடாரங்களைக் கண்டார். எண்ணினால் 119 கட்டுமான இடங்கள். கீழே தோண்டும் வேலையை வானத்துக்கு மறைக்கக் காற்றடித்து நிறுத்திய கூடாரங்கள். மறைப்பதற்காகப் போட்ட கூடாரமே, சீனாவின் பழைய பயிற்சித் தளமொன்றில் ஏவுகணைக் கிணறுகளுக்கு மேல் அதே கூடாரம் இருந்ததால், கீழே இருப்பது என்ன என்று சொல்லிவிட்டது.

2009 மே மாதம், இலங்கைப் போரின் கடைசி நாட்களில், முள்ளிவாய்க்காலுக்குள் செய்தியாளர்கள் போக முடியவில்லை. அமெரிக்க அறிவியல் முன்னேற்றச் சங்கம், மனித உரிமை அமைப்புகள் கேட்டுக்கொண்டதன் பேரில், போர் தவிர்ப்பு வலயம் என்று அறிவிக்கப்பட்ட கடற்கரையின் மே 6, மே 10 ஆகிய இரு நாள் தனியார் செயற்கைக்கோள் படங்களைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டது. முதல் படத்தில் நெருக்கியடித்து நின்ற தற்காலிகக் குடில்கள் இரண்டாம் படத்தில் பெருமளவு இல்லை. கட்டடங்களின் சிதைவும் குண்டு விழுந்த பள்ளங்களும் மோர்ட்டார் பீரங்கி நிலைகளும் இருந்தன. அரை மீட்டர் பிரிதிறனில் குடில் தெரியும், குடிலுக்குள் இருந்தவர் தெரியமாட்டார். பள்ளம் தெரியும், யார் சுட்டார்கள் என்று பள்ளத்தில் எழுதியிருக்காது, பீரங்கி நிலைகளின் திசையையும் பிற சாட்சியங்களையும் சேர்த்துத்தான் அதைச் சொல்ல முடியும். ஆனாலும் அந்த நான்கு நாட்களில் அங்கே எதுவுமே நடக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாதபடி அந்த இரண்டு படங்கள் நிற்கின்றன.

படம் கடையில் கிடைக்கிறது என்பதால் கடைக்காரர் யார் என்பதை மறந்துவிடக்கூடாது. 2025 மார்ச்சில், உக்ரைனுக்குத் தன் கணக்கில் கொடுத்துவந்த மாக்சார் நிறுவனப் படங்களை அமெரிக்க அரசு சில நாட்கள் நிறுத்திவைத்தது. போர் நடுவில் இருந்த ஒரு ராணுவத்துக்கு வானத்துக் கண் ஒரு கையெழுத்தில் மூடிக்கொண்டது. 52 கண்காணிப்பு செயற்கைக்கோள்களை ஏவும் திட்டத்துக்கு 2024-இல் இந்திய அமைச்சரவைக் குழு ஒப்புதல் கொடுத்ததற்குப் பின்னால் இந்த வகைக் கவலை இல்லாமலில்லை.

அத்தனை கண்கள் அனுப்பும் படங்களை மனிதர்கள் உட்கார்ந்து பார்த்து முடிக்க முடியாது. டாங்கிகளை எண்ணும் வேலை கணினிக்குப் போய்க்கொண்டிருக்கிறது. கணினியும் கற்றுக்கொடுத்த உருவத்தைத்தான் தேடும். 2022-இல் உக்ரைன் ராணுவம் மரப்பலகையால், அமெரிக்கா கொடுத்த ஹிமார்ஸ் ராக்கெட் ஏவுவண்டிகளைப் போலவே போலிகள் செய்து வயல்வெளிகளில் நிறுத்தியது. மேலே பறந்த ரஷ்ய ட்ரோன் அவற்றைப் பார்த்து இடத்தைக் கருங்கடலில் நின்ற போர்க்கப்பல்களுக்குச் சொன்னது. சில வாரங்களில் குறைந்தது 10 கலிபர் ஏவுகணைகள் மரத்தின் மேல் விழுந்தன என்று உக்ரைன் அதிகாரிகள் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழிடம் சொன்னார்கள். மேலும் பலகைகளுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டார்களாம்.